தையல் காயத்துக்குச் சிவப்பு லைட் பிடிக்கலாமா?

ஜூன் 2, காலை: கேள்வி

"அண்ணே, தங்கச்சிக்கு சிசேரியன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. தையலின் ஒரு ஓரம் மட்டும் காயவே இல்லை, ஈரமாக இருக்கு. ஹட்டன் டவுனில் ஒருத்தர் சிவப்பு லைட் ஒன்றைக் காட்டினார். வெளிநாட்டில் ஒபரேஷன் செய்தவர்களுக்கு இதைத்தான் பிடிக்கிறார்களாம், பாதி நாளில் காயம் ஆறிவிடுமாம். விலையைப் பார்த்தால் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துச் சம்பாதிக்கும் ஒரு மாசக் காசு போகும். நீங்க கரண்ட் சாமான் பழுது பார்க்கிறவர்தானே, வாங்கலாமா வேண்டாமா?"

போகவந்தலாவைத் தம்பி ஒருவர் கேட்டது.

ஜூன் 2, மத்தியானம்

வாங்க வேண்டாம். காரணம் ராவைக்கு எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்குது.

அதற்கு முன் ஒன்று. ஈரம் என்றால் என்ன ஈரம்? மஞ்சளா, நாற்றமா, சுற்றித் தோல் சிவந்து சூடாக இருக்கா, வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடுதா, காய்ச்சல் இருக்கா? இதில் ஒன்று இருந்தாலும் லைட்டுமில்லை மஞ்சளுமில்லை, நேராக ஆஸ்பத்திரி. ஒன்றும் இல்லாவிட்டாலும் உங்கள் பகுதி மிட்வைஃப்புக்கு இன்றைக்கே போன் போட்டு வந்து பார்க்கச் சொல்லுங்க. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருவது அவரது வேலை.

ஜூன் 2, இரவு

இந்தச் சாமான் என் மேசைக்குப் புதிதில்லை. கொரோனாவுக்குப் பிறகு ஒன்றிரண்டாக வரத் தொடங்கியது. மூட்டு வலி, முகப்பரு, முடி கொட்டுதல், காயம் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி. பழுது என்று கொண்டு வருகிறவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாதி பல்ப் எரியுதில்லை."

டிக்கோயாப் பக்கமிருந்து ஒரு அக்கா அப்படித்தான் கொண்டு வந்தார். கழற்றிப் பார்த்தால் எல்லாம் நல்ல நிலையில் இருக்கு. எரியாததாகத் தெரிந்த பாதி, 850 நானோமீற்றர் அலைநீளப் பல்புகள். அகச்சிவப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அவ்வளவுதான். போன் கமராவைப் பிடித்துக் காட்டினேன், திரையில் எல்லாம் ஊதா நிறத்தில் எரிகிறது. டீவி ரிமோட்டின் மூக்கைக் கமராவில் பார்த்த பிள்ளைகளுக்கு இது தெரிந்த வித்தை. அக்கா என்னைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தார். பழுதில்லாத சாமானுக்குக் கூலி கேட்க மனம் வரவில்லை, ஆடிக்கொண்டிருந்த பிளக்கை மாற்றி அதற்கு மட்டும் வாங்கினேன்.

அதே பெட்டியின் வெளியே 300 வொட் என்று அச்சடித்திருந்தது. சுவரிலிருந்து எவ்வளவு இழுக்குது என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன், நாற்பத்துச் சொச்சம். கணக்கு எப்படி வருகிறது என்றால், மூன்று வொட் வரை தாங்கக்கூடிய பல்ப் நூறு உள்ளே இருக்கு, மூன்றை நூறால் பெருக்கு, முந்நூறு. அப்படி நிஜமாக ஓட்டினால் அந்தச் சின்னத் தகடும் விசிறியும் சூடு தாங்காது, அதனால்தான் குறைத்து ஓட்டுகிறார்கள். ஒழுங்கான வேலைதான், அச்சில்தான் பொய்.

சுவரிலிருந்து இழுக்கும் வொட்டுக்கும் தோலில் விழும் வெளிச்சத்துக்கும் இடையில் இன்னும் தூரம் இருக்கு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 3

"அப்போ இது முழுப் பொய்யா?" என்று மூன்று பேர். இல்லை. நான் அப்படி எங்கே சொன்னேன்?

ஜூன் 4

சரி, கதையைக் கேளுங்க. இது கடைக்காரர் கட்டிய கதை இல்லை.

முதல் லேசர் 1960 இல் வந்தது. அமெரிக்காவில் மெய்மன் செய்தது, ரூபிக் கல் வைத்த லேசர். பொஸ்டனில் மக்கஃப் என்ற டொக்டர் அதைக் கட்டிகள் மேல் பாய்ச்சிப் பார்த்தார். புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் அதையே தன் எலிகளில் செய்து பார்க்க நினைத்தார். ஆனால் அவர் கையிலிருந்த லேசருக்கு அவ்வளவு பலம் இல்லை, கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்தது வேறு. மயிர் மழித்த முதுகில் அந்த 694 நானோமீற்றர் வெளிச்சம் பட்ட எலிகளுக்கு, படாத எலிகளைவிடச் சீக்கிரமாக மயிர் முளைத்தது. 1967. அதற்குப் பிறகு அவர் ஆறாத புண்களுக்கு அதைப் பிடித்துப் பார்த்தார். பலம் குறைந்த லேசர் கிடைத்ததால் கண்டுபிடித்த விஷயம் என்பதை மறக்காதீங்க, அளவு பற்றிப் பேசும்போது வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் சொல்லும் விளக்கம் ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த, கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணிக்குள் போகிறது. அங்கே சைட்டோகுரோம் சி ஒக்ஸிடேஸ் என்று ஒரு நொதியம் இருக்கு. சிவப்பையும் அகச்சிவப்பையும் அது உறிஞ்சுகிறது, கலத்துக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. கூடுகிறது, நொதியத்தில் ஒட்டியிருக்கும் நைத்திரிக் ஒக்சைட் கழன்று இரத்த ஓட்டத்துக்கு உதவுகிறது என்கிறார்கள். ரஷ்யாவில் டீனா கரு என்ற அம்மா இதில் வருஷக்கணக்கில் உழைத்தவர். எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவு என்று இதை எடுக்க வேண்டாம், வாதம் இன்னும் ஓடுது.

"நாசா தொழில்நுட்பம்" என்று பெட்டியில் போடுவதிலும் ஒரு சொட்டு உண்மை இருக்கு. விண்வெளியில் செடி வளர்க்கச் செய்த சிவப்பு எல்.ஈ.டி.யை விஸ்கொன்சினில் ஹரி வீலன் என்ற டொக்டர் காயங்களுக்குத் திருப்பினார், 2001 இல் எழுதினார். டவுனில் விற்கிற பெட்டி அங்கிருந்து வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை.

ஜூன் 4, பிறகு

எலி முடியைப் பற்றி எழுதியதும் கேள்வி முழுக்க வழுக்கையைப் பற்றியே வருது. காயத்தை யாரும் கேட்கவில்லை. இருக்கு, முடிக்கென்று லேசர் சீப்பு ஒன்றை, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2007 இல் விற்க அனுமதித்தது. என் மண்டையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், இவ்வளவு காலம் இந்த லைட்டுகளுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து வேலை செய்தும் ஒரு பயனும் காணவில்லை.

ஜூன் 6

அளவு. இது என் தொழில் பக்கம், கொஞ்சம் நீளும்.

மருந்துக்கு மில்லிகிராம் மாதிரி வெளிச்சத்துக்கு ஜூல். ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலில் எத்தனை ஜூல் விழுந்தது என்பதுதான் கணக்கு. காயத்துக்கான ஆய்வுகளில் ஒற்றை இலக்க ஜூல்களே அதிகம் காணப்படுகிறது, நாலு என்று வைத்துக்கொள்வோம். தோலில் சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லிவொட் விழுந்தால் நூறு செக்கனில் நாலு ஜூல் ஆகிவிடும். 4 மில்லிவொட்தான் விழுகிறது என்றால் ஆயிரம் செக்கன், பதினேழு நிமிஷம் கிட்ட. இரண்டும் பார்வைக்கு ஒரே சிவப்பு. கண்ணை நம்பி அளக்க முடியாது. சீட்டில் "தினம் 10 நிமிடம்" என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாமல் "தினம் இரண்டு குளிசை" என்பதற்குச் சமம்.

கூடினால் நல்லதுதானே என்கிறார் பதுளை டீச்சர். இல்லை டீச்சர். இதில் கொஞ்சம் கொடுத்தால் கலம் வேகமெடுக்கிறது, நிறையக் கொடுத்தால் மந்தமாகிறது. ஆய்வுகூடத்தில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். மெஸ்டரின் பலவீன லேசரை ஏன் ஞாபகம் வைக்கச் சொன்னேன் என்றால் இதற்குத்தான்.

தூரமும் இருக்கு. தோலோடு ஒட்டிப் பிடிக்கும் கருவிக்கும், ஒரு முழம் தள்ளிச் சுவரில் மாட்டும் பலகைக்கும் விழும் அளவு வேறு. தோல் நிறமும் இருக்கு: நம்மைப் போலக் கறுத்த தோலில் மெலனின் கூட, சிவப்பில் ஒரு பங்கை அது மேலேயே உறிஞ்சிவிடும். 660 நானோமீற்றரை விட 810 பக்கம் அந்தத் தொல்லை குறைவு. வெள்ளைத் தோலில் பார்த்த அளவை அப்படியே இங்கே தூக்கிப் போட முடியாது.

காயத்தின் மேல் கட்டு இருந்தால்? கோஸ் பஞ்சு இரண்டு மடிப்பு போதும், வெளிச்சத்தில் ஒரு பங்கு அங்கேயே சிதறிப் போகும். ஆகவே கட்டை அவிழ்க்க வேண்டும். அதுதான் எனக்குப் பிடிக்காத இடம். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 9

நாளைக்கு என்றேன், கரண்ட் கட்டும் மழையும் சேர்ந்து பிழைப்பைக் கெடுத்துவிட்டது.

எனக்கு குடலிறக்கத்துக்கு ஒபரேஷன் நடந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி, இலவசம், நல்ல டொக்டர். அப்போதே இந்த லைட் விஷயம் எனக்குத் தெரியும், கடையில் ஒன்று கிடந்தது கூட. காயத்தில் அதைப் பிடிக்கவில்லை. துணிவு இல்லாமல் இல்லை. கட்டை அவிழ்க்கும் ஒவ்வொரு தடவையும் காயம் குளிர்கிறது, குளிர்ந்தால் கலம் பிரிவது தாமதமாகும். அதோடு கை, துணி, காற்று எல்லாவற்றிலிருந்தும் கிருமி. நல்லபடியாக மூடித் தைத்த காயத்தைத் தினம் திறந்து வெளிச்சம் காட்டினால் கிடைப்பதைவிட இழப்பது கூடுதல் என்று என் மண்டைக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் காயம் ஆற உதவியதும் தடுத்ததும் வேறு சங்கதிகள். வீட்டில் மாமியாரின் பத்தியம். முட்டை தொடக்கூடாது, சீழ் வைக்கும். மீன் கூடாது. பருப்பு வாய்வு. ரசமும் சோறும். கிளினிக்கில் நேர்ஸ் மிஸ் கேட்டார், என்ன சாப்பிடுறீங்க என்று. சொன்னேன். வெட்டிய சதையைச் சதை கொண்டுதானே மூடணும், ரசத்தைக் கொண்டா மூடுவாங்க என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏசினார். அதற்குப் பிறகு தினம் முட்டை, நெத்தலி, கடலை, கொய்யா. மாமியார் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே இரத்தம் குறைவு, அவர்களுக்கும் இதே ரசச் சோறுதான் ஒபரேஷனுக்குப் பிறகு. இதை நினைத்தால்தான் எரிச்சல் வருது, லைட்டை நினைத்து இல்லை.

அடுத்தது ஈரம். ஆனி மாசம் ஹட்டனில் உடுப்பு காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகையில் காயவைத்த துவாயைக் கொண்டு காயத்தைத் துடைக்க வேண்டாம். நாற்றமில்லை என்பதால் சுத்தம் என்று ஆகாது. ஒரு துவாயை மட்டும் கொதி தண்ணியில் போட்டு, அயர்ன் பண்ணி, காயத்துக்கென்று தனியாக வையுங்க.

மூன்றாவது பலம். தையல் வெட்டினால் காயம் ஆறிவிட்டது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். மூன்று கிழமையில் அந்த இடத்தின் பலம் பழைய தோலின் கால்வாசி கிட்டத்தான். எத்தனை மாசம் போனாலும் எண்பது வீதத்துக்கு மேல் வராது. வெளியே கோடு மாதிரி அழகாகத் தெரியும், உள்ளே இன்னும் நெசவு நடக்குது. அந்த நிலையில் கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினால் என்ன ஆகும்? பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை என்ற பயத்தில் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சுருட்டு, பீடி, புகையிலை போட்ட வெற்றிலை. நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும். காயத்துக்கு வருகிற இரத்தத்தைத் தடுத்துவிட்டு வெளியிலிருந்து லைட் அடிப்பதில் என்ன இருக்கு.

ஜூன் 10

"பிறந்த பிள்ளைக்குச் செங்கண்மாரி என்று ஆஸ்பத்திரியில் லைட்டில் போட்டாங்களே, அது வேலை செய்ததே" என்று லிந்துலை அக்கா.

அது நீலம் அக்கா, 460 நானோமீற்றர் பக்கம். பிள்ளையின் தோலில் சேர்ந்து மஞ்சளாக்கும் பிலிருபினை உடைத்து உடம்பு வெளியே தள்ளக்கூடிய மாதிரி மாற்றுகிறது. இங்கிலாந்தில் ரொச்ஃபர்ட் ஆஸ்பத்திரியில் 1950களில் ஒரு நேர்ஸ், பிள்ளைகளை வெயிலுக்குக் கொண்டு போனபோது மஞ்சள் குறைவதைக் கண்டதிலிருந்து வந்த வைத்தியம். வார்டில் வேலை பார்த்தவர் கண்டுபிடித்தது, பெரிய புரொபெஸர் இல்லை. ஆனால் காயம் ஆறுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 12

மாமியாரைப் பற்றி எழுதியதை அவருக்கு யாரோ வாசித்துக் காட்டிவிட்டார்கள். சரி, அவருடைய கதையையும் சொல்லிவிடுகிறேன், இனி இழக்க ஒன்றுமில்லை.

அவருக்குச் சீனி வியாதி. காலில் சின்ன விரல் கறுத்து, எடுக்க வேண்டி வந்தது. எடுத்த இடம் மூடாமல் மாசக்கணக்கில் இழுத்தது. அந்த நேரம் பக்கத்து வீட்டார் பரிவோடு ஒரு லைட் கொண்டு வந்து கொடுத்தார்கள், ஃபிசியோதெரபியில் முதுகுக்குப் பிடிப்பதைப் போன்ற அகச்சிவப்பு விளக்கு. சூடு தருகிற விளக்கு. காலடியில் வைத்துவிட்டு எல்லாரும் டீவி பார்க்கிறோம். என் மனைவி எதற்கோ எழும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தால் தோல் கொதிக்குது, கிழவிக்கு ஒன்றுமே தெரியவில்லை. சீனியில் கால் நரம்பு செத்துப் போயிருந்தது. நல்ல காலம், கொப்புளம் போடுவதற்கு முன் அணைத்தாச்சு.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பாருங்க. நாம் பேசும் சிவப்பு, அகச்சிவப்பு வைத்தியத்தில் சூடு தெரியவே கூடாது. சூடு தெரிந்தால் அது வேறு விளக்கு, அல்லது மிதமிஞ்சிய அளவு. சீனிக்காரரின் கால் பக்கம் சூடு தருகிற எதையும் கொண்டு போக வேண்டாம், சுடுதண்ணிப் போத்தல் உட்பட.

சீனிப் புண்ணுக்கு லைட் உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் குழு 2017 இல் எல்லா ஆய்வையும் கூட்டிப் பார்த்தது. கிடைத்தது 8 ஆய்வு, மொத்தம் 316 பேர். லைட் பிடித்தவர்களில் முழுசாக ஆறியவர்கள் கூட இருந்தார்கள், ஆனால் ஆய்வுகள் சின்னது, தரம் குறைவு, நம்பிக் கையெழுத்துப் போட முடியாது என்ற மாதிரி முடித்தார்கள். தையல் போட்ட ஒபரேஷன் காயங்களிலும் நிலைமை அப்படித்தான். பிரேசில் பக்கம் நிறையச் செய்திருக்கிறார்கள், சிசேரியன், நெஞ்சு ஒபரேஷன், கடைவாய்ப் பல். ஒருவர் 660, மற்றவர் 830. ஒருவர் இரண்டு ஜூல், மற்றவர் பத்து. வலியும் வீக்கமும் குறைந்ததாகச் சில, வித்தியாசமில்லை என்று சில. பாதி நாளில் ஆறும் என்ற பேச்சுக்கு அதில் இடமே இல்லை.

மாமியாரின் கால் கடைசியில் ஆறியது. சீனி கட்டுக்கு வந்தது, கிளினிக்கில் செத்த தோலை வெட்டிவிட்டார்கள், பாரம் படாத செருப்பு போட்டார், கட்டு ஒழுங்காக மாற்றினோம்.

ஜூன் 13

காசே இல்லாத சிவப்பு வெளிச்சம் வெயிலில் இருக்கே, காலையில் காட்டினால் போதாதா என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்வி. வெயிலில் சிவப்பு இருக்கு, கூடவே புற ஊதாவும் இருக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏற ஏறப் புற ஊதா பத்து வீதம் போலக் கூடும், குளிர் இருப்பதால் உறைக்காது, அவ்வளவுதான். புதுத் தழும்பில் அது பட்டால் கறுத்துவிடலாம், பிறகு போவது கஷ்டம். கழுத்து, கை, முழங்கால் ஒபரேஷன்காரர்கள் ஒரு வருஷம் மட்டும் மூடிக்கொண்டு திரியுங்க. எலிக்காய்ச்சலுக்கு டொக்ஸிசைக்ளின் குடிக்கிறவர்களுக்கு இது இரட்டிப்பு, அந்தக் குளிசை வெயிலைத் தோலுக்குக் கூட்டிக்கொடுக்கும்.

வெளிச்ச வைத்தியத்தால் நோபல் பரிசு வாங்கியவரும் உண்டு. டென்மார்க்கின் ஃபின்சன், 1903, தோலில் வரும் காசநோய்க்கு. ஆனால் அவர் தேடியது நீலமும் ஊதாவும். அது வேறு வழி.

மற்றபடி ஹட்டனில் இந்த மாசம் வெயில் கண்டவர் இருந்தால் சொல்லுங்க, நானும் வந்து நிற்கிறேன்.

ஜூன் 17

கண்டியில் வேலை செய்யும் ஒரு நேர்ஸ் மிஸ் நீளமாக எழுதியிருந்தார். சாராம்சம்: கட்டு எப்படியும் மாற்றும் நேரத்தில், கையுறை போட்டவர், அளவு தெரிந்த கருவியால் ஒன்றிரண்டு நிமிஷம் பிடித்தால் நீங்கள் சொல்லும் குளிரும் கிருமியும் எங்கே வருது? மூடாத காயத்தையும் மூடிய காயத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நியாயம். 9 ஆம் திகதி எழுதியது வீட்டில் தானாகச் செய்கிறவருக்கு, அதுவும் ஒழுங்காக மூடிய காயத்துக்கு. ஆஸ்பத்திரியில் ஆறாத புண்ணுக்கு டொக்டர் சொல்லிச் செய்தால் நான் யார் வேண்டாம் என்று சொல்ல.

மிஸ் சொன்ன இன்னொன்று என் மேசையில் நான் காணாதது. ஆஸ்பத்திரி லேசர் கருவிகள் பல 3பி என்ற, கண்ணுக்கு ஆபத்தான வகை, 5 மில்லிவொட்டுக்கு மேல் 500 வரை, கண்ணாடி போடாமல் அறைக்குள் நிற்கவே விடமாட்டார்கள். எல்.ஈ.டி. பலகைக்கு அவ்வளவு பயம் இல்லை, ஆனாலும் அகச்சிவப்புக்குக் கண் இமைக்காது, தெரியாத வெளிச்சத்துக்கு எப்படி இமைக்கும்? பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து விளையாட்டுக் காட்ட வேண்டாம்.

ஜூன் 18

காயத்துக்குக் கோப்பித்தூள் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: கோப்பி குடிக்கலாம்.

ஜூன் 21

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா ஆயுள் முழுக்க வெற்றிலை. புகையிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து, கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கிவிடுவார். கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு தழும்பு வந்து, அது புண்ணாகி, கடைசியில் புற்றுநோய். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான், தோட்டத்தில் தெரியாத குடும்பம் இல்லை. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே எழுதிவிட்டது. நம்மவர் அதைக் கேட்கவில்லை.

ஒபரேஷனில் கன்னத்தின் ஒரு பகுதியை எடுத்தார்கள், பிறகு கதிர் சிகிச்சை. ஒபரேஷன் காயம் ஆறியதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கதிர் தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் வாய் முழுக்க வெந்துபோச்சு. எச்சில் விழுங்க முடியாது. கஞ்சியை வடிகட்டி ஆறவைத்துக் கொடுத்தாலும் கண்ணீர் வடியும். சாப்பிடாமல் உடம்பு வற்றி, கதிரையே சில நாள் நிறுத்த வேண்டி வந்தது. நிறுத்தினால் நோய்க்குக் கொண்டாட்டம்.

இந்த வாய் வேக்காடுதான் சிவப்பு லைட்டுக்கு மிகப் பலமான ஆதாரம் உள்ள இடம். எம்.ஏ.எஸ்.சி.சி. என்ற சர்வதேசச் சங்கம் புற்றுநோய் வைத்தியத்தின் பக்க விளைவுகளுக்கு வழிகாட்டி எழுதுகிறது. தலை, கழுத்துக் கதிர் சிகிச்சை செய்கிறவர்களுக்கும், எலும்பு மச்சை மாற்று செய்கிறவர்களுக்கும் வாய் வேகாமல் தடுக்க இந்த லைட்டைப் பிடிக்கச் சொல்லி 2020 பதிப்பில் பரிந்துரைத்திருக்கிறது. வாய்க்குள், 633 அல்லது 660 நானோமீற்றர் பக்கம், சதுர சென்ரிமீற்றருக்குச் சில ஜூல், புள்ளி புள்ளியாக, பயிற்சி உள்ளவர் கையால். வெந்த பிறகு இல்லை, கதிர் தொடங்கும்போதே தொடங்க வேண்டும்.

தையல் காயத்துக்கு இதை வேண்டாம் என்று இவ்வளவு எழுதியவன், அப்பாவின் வாய்க்கு அன்றைக்கு யாராவது பிடித்திருந்தால் கடையை விற்றாவது காசு கொடுத்திருப்பேன். இரண்டும் ஒரே லைட்தான்.

ஜூன் 22

பேராதனையில் பல் வைத்தியம் படிக்கும் தங்கச்சி சேர்க்கச் சொன்னது: கட்டி இன்னும் இருக்கும் இடத்தில் நேராகப் பிடிப்பதைத் தவிர்ப்பார்கள், ஆகவே "எம்.ஏ.எஸ்.சி.சி. சொல்லியாச்சு" என்று வீட்டுப் பலகைக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு யாரும் உட்கார வேண்டாம். உடம்பில் எந்த இடத்திலும் என்னவென்று தெரியாத கட்டி, ஆறாத புண், நிறம் மாறும் மச்சம் இருந்தால் அதன் மேல் வேண்டவே வேண்டாம், முதலில் காட்டுங்க.

கதிருக்குப் போகும் முன் கெட்ட பற்களைப் பிடுங்கி வாயைச் சுத்தம் செய்துகொள்வதையும் எழுதச் சொன்னார். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் போகலாம். அப்பாவுக்கு முன்னதாகவே செய்தார்கள், அந்த நேரம் ஏன் என்று விளங்கவில்லை.

ஜூன் 23

நேற்றையதுக்குப் பிறகு ஐந்தாறு பேர் தனியாக எழுதியிருக்கிறீங்க, வீட்டில் கதிருக்குப் போக இருக்கிறார் என்று. டொக்டரிடம் கேட்பதற்கு ஒரே வசனம்: "வாய் வேகாமல் தடுக்க முதல் நாளிலிருந்தே லேசர் பிடிக்க இங்கே வழி இருக்கா?" இல்லை என்று சொன்னால் மனம் உடைய வேண்டாம். உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணியில் நாளுக்குப் பல தடவை கொப்பளித்தல், மெல்லிய பிரஷ், உறைப்பும் வெற்றிலையும் முற்றாக நிறுத்தல், வலி மருந்தை வலி கூடும் வரை காத்திராமல் எடுத்தல். எடையைக் கிழமைக்கு ஒரு தடவை எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்து டொக்டருக்குக் காட்டுங்க, இறங்கத் தொடங்கினால் அவர்களே குழாய் உணவு பற்றிப் பேசுவார்கள்.

ஜூன் 27

போகவந்தலாவைத் தம்பி எழுதியிருக்கிறார். மிட்வைஃப் அன்றைக்கே வந்து பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். தோலுக்குக் கீழே நீர் தேங்கியிருந்தது, ஒரு இடத்தைக் கொஞ்சம் திறந்து வடிய விட்டார்கள், இப்போது உள்ளிருந்து மூடி வருகிறதாம். லைட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் மேல் தோல் மினுங்கும், கீழே குளம் நிற்கும். தங்கச்சி முட்டை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன், பதிலில்லை. அங்கேயும் ஒரு மாமியார் இருக்கிறார் போல.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன், என்ன செய்ய என்று கேட்ட பண்டாரவளை அண்ணனுக்கு: தூக்கி எறிய வேண்டாம். முழங்கால் வலிக்குப் பிடித்துப் பாருங்க, சூடு தெரியாத தூரத்தில். காயம், கட்டி, கண், கர்ப்பிணி வயிறு இவற்றுக்கு வேண்டாம். வலி குறைந்தால் சந்தோஷம், குறையாவிட்டால் நாற்றுக்கு மேலே மாட்டுங்க, கத்தரிக்குப் பிடிக்கும். டவுன் பக்கம் வந்தால் கொண்டு வாங்க, உண்மையில் எத்தனை வொட் என்று மீட்டரில் பார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு.